யெல்லோஸ்டோனுக்கு முதல்முறை போகிறீர்களா? இடத்தைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள்

யெல்லோஸ்டோன் போகப்போகிறோம், எத்தனை நாள் போதும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: குறைந்தது மூன்று முழு நாள், முடிந்தால் நான்கு. முதல்முறை நாங்கள் ஒன்றரை நாளில் முடித்துவிட்டோம். பட்டியலில் இருந்த எல்லா இடத்துக்கும் போனோம், கார் நிறுத்த இடம் தேடி அலைந்ததுதான் இப்போது நினைவில் இருக்கிறது. இரண்டாம் முறை அப்பா அம்மாவும் கூட வந்தார்கள். அவர்களால் வேகமாக நடக்க முடியாது என்பதால் பாதி இடங்களை விட்டுவிட்டு, மீதி இடங்களில் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். அந்தப் பயணத்தில்தான் யெல்லோஸ்டோனை உண்மையில் பார்த்தோம். அதனால் கீழே சொல்வதெல்லாம் காத்திருக்கத் தயாராக இருப்பவர்களுக்கானது.

முதலில், எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஓரங்கள் மட்டும் மொன்டானாவுக்கும் ஐடஹோவுக்கும் நீண்டு, ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டரில் இந்தப் பூங்கா விரிந்து கிடக்கிறது. 1872 மார்ச் 1 அன்று உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெந்நீர் ஊற்று, கெய்சர் (வெந்நீரை அவ்வப்போது மேலே பீய்ச்சும் ஊற்று), நீராவித் துளை, கொதிக்கும் சேற்றுக்குழி எல்லாம் சேர்த்து 10,000-க்கு மேல் இருக்கின்றன. உலகத்தில் இன்று பீய்ச்சிக்கொண்டிருக்கும் கெய்சர்களில் ஏறக்குறைய பாதி இங்கேதான். (நம் வீட்டுக் குளியலறை கீசரும் இதே சொல்தான், ஐஸ்லாந்தில் உள்ள ஒரு ஊற்றின் பெயர் உலகம் முழுக்கப் பரவி நம் குழாய் வரைக்கும் வந்துவிட்டது.)

எரிமலைப் பூங்கா என்றதும் கூம்பு மாதிரி ஒரு மலையைத் தேடாதீர்கள். அம்மா முதல் நாள் மதியம் வரை "எரிமலை எங்கேடா, எரிமலை எங்கேடா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாங்கள் அதற்குள்ளேதான் கார் ஓட்டிக்கொண்டிருந்தோம். 6,40,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் அடியில் இருந்த பாறைக் குழம்பு வெளியேறியதும், மேலே இருந்த நிலம் அப்படியே உள்வாங்கிவிட்டது. ஏறக்குறைய 70 கி.மீ. நீளம், 45 கி.மீ. அகலம். இன்று அந்தப் பள்ளத்தில் பைன் காடும் ஏரியும் சாலையும் இருப்பதால் பள்ளம் என்றே தெரியாது. அடியில் இருக்கும் சூடு மட்டும் ஆறவில்லை.

எப்போது போவது

பூங்காவுக்குள் பெரும்பாலான சாலைகள் நவம்பர் தொடக்கத்தில் மூடப்பட்டு, ஏப்ரல் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கும். குளிர்காலத்தில் வடக்கு வாசலிலிருந்து வடகிழக்கு வாசல் வரை போகும் ஒரு சாலையில் மட்டும்தான் சொந்தக் காரில் போகலாம், மற்ற இடங்களுக்குப் பனியில் ஓடும் வண்டிதான். முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

ஜூலையும் ஆகஸ்டும் பள்ளி விடுமுறைக் கூட்டம். 2024-ல் மொத்தம் 47 லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி கோடையில்தான். என்னைக் கேட்டால் செப்டம்பர். பள்ளிகள் திறந்துவிடும், கூட்டம் கொஞ்சம் இறங்கும், காலைக் குளிரில் எல்லா ஊற்றிலிருந்தும் ஆவி எழுந்து நிற்கும், எல்க் மான்கள் இணை தேடிக் கூவும் பருவமும் அதுதான். பிள்ளைகளுக்கு லீவு கோடையில்தான் என்றால் ஜூனில் போங்கள், பைசன் என்ற காட்டெருதின் கன்றுகளைப் பார்க்கலாம், ஆறுகள் நிரம்பி ஓடும். ஆனால் ஜூனில்கூட பனி விழலாம்.

தங்குவது, உள்ளே நுழைவது

இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளில் கோடைக்கால அறைகள் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே போய்விடும். கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், ரத்து செய்கிறவர்கள் நிறைய, தினமும் ஒருமுறை பாருங்கள், எங்களுக்கு ஓல்டு ஃபெயித்ஃபுல் கெய்சர் பக்கத்தில் ஒரு இரவு அப்படித்தான் கிடைத்தது. அங்கே 1904-ல் பெரும்பாலும் மரத்தாலேயே கட்டிய ஓல்டு ஃபெயித்ஃபுல் இன் என்ற பழைய விடுதி இருக்கிறது. தங்காவிட்டாலும் உள்ளே போய் அந்தக் கூடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

வாசல்கள் ஐந்து. கெய்சர்கள்தான் முக்கியம் என்றால் மேற்கு வாசலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் தங்கலாம். விலங்குகளும், மம்மத் என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதியும் முக்கியம் என்றால் வடக்கே கார்டினர். எல்லா நாளும் ஒரே ஊரில் தங்கி தினமும் போய் வரலாம் என்று கணக்குப் போட்டால் பாதி நாள் சாலையிலேயே கழியும், அதனால் இரண்டு இரவு மேற்கில், இரண்டு இரவு வடக்கில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு போஸ்மன், ஜாக்சன் இரண்டும் பக்கம். சால்ட் லேக் சிட்டியில் இறங்கினால் கட்டணம் குறைவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அங்கிருந்து ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும்.

உள்ளே எட்டு வடிவத்தில் ஒரு சாலை இருக்கிறது, 142 மைல், அதாவது 229 கி.மீ. இதை ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேகம் அதிகபட்சம் மணிக்கு 45 மைல். நடுவில் ஒரு பைசன் சாலையில் நின்றுவிட்டால் அது நகரும்வரை எல்லோரும் நிற்க வேண்டியதுதான். செல்பேசியின் வரைபடம் காட்டும் நேரத்தை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தையும், பூங்காவின் செயலியையும் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான இடங்களில் சிக்னல் இருக்காது.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள் என்றால் இதைக் கவனியுங்கள்: 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, வருடாந்திர பாஸ் இல்லாவிட்டால் தலைக்கு 100 டாலர் கூடுதலாக வாங்குகிறார்கள். பாஸ் இங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250. யார் பெயரில் எந்தப் பாஸ் வாங்குவது லாபம் என்று புறப்படும் முன் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

உயரத்தை மறக்காதீர்கள்

ஓல்டு ஃபெயித்ஃபுல் 2,245 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி மாதிரிதான். பூங்காவுக்குள் கேன்யன், டவர் என்ற இரண்டு இடங்களுக்கு நடுவில் வரும் டன்ரேவன் கணவாய் 2,700 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட உயரம். சமவெளி ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கி அன்றைக்கே மலையேறாதீர்கள். அப்பாவுக்கு முதல் நாள் மாலை தலைவலி, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மறுநாள் சரியாகிவிட்டது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், காற்று மிகவும் வறண்டது. இதய நோய், நுரையீரல் சிக்கல் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சமைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சட்டியில் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகவே வேகாது. முகாமில் சமைப்பதாக இருந்தால் குக்கர் கட்டாயம். உள்ளே இருக்கும் விடுதி அறைகளில் சமையல் வசதி கிடையாது, சைவ உணவுக்கு உள்ளே அதிகம் தேர்வு இருக்காது. நாங்கள் புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போய் சாலையோர மேசைகளில் சாப்பிட்டோம். சாப்பிட்ட மிச்சத்தை வெளியே ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலைமை வந்துவிடும்.

துணி விஷயத்தில் ஒரே விதி: ஜூலையாக இருந்தாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் காரில் இருக்க வேண்டும். காலையில் நடுங்கும், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், நான்கு மணிக்கு இடி மழை வரும். புடவை கட்டுகிறவர்கள் பிடிமானம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளட்டும், ஊற்றுகளைச் சுற்றிப் போட்டிருக்கும் பலகைப் பாதை ஆவி படிந்து வழுக்கும்.

முதல் நாள்: கெய்சர்கள்

காலை ஏழு மணிக்குள் வாசலைத் தாண்டிவிடுங்கள். முதலில் ஃபவுன்டன் பெயின்ட் பாட் என்ற இடத்தில் நிறுத்துங்கள். பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த முதல் பாடம் கிடையாது. அரை மைல் நடையில் நான்கு வகையும் இருக்கின்றன: வெந்நீர் ஊற்று, கெய்சர், நீராவித் துளை, கொதிக்கும் சேறு. தண்ணீர் தாராளமாக இருந்தால் ஊற்று, தண்ணீர் போதாமல் எல்லாமே ஆவியாகிவிட்டால் துளை, அமிலம் பாறையைக் கரைத்துக் களிமண்ணாக்கினால் சேறு, போகும் வழியில் எங்காவது குறுகலாக அடைப்பு இருந்தால் கெய்சர். அந்தச் சேறு கொதிப்பதைக் கேட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். கேப்பைக் களி அடுப்பில் கொதிக்கும்போது வரும் 'ப்ளக், ப்ளக்' அதே சத்தம்தான்.

அங்கிருந்து ஓல்டு ஃபெயித்ஃபுல். பத்து மணிக்குள் போகாவிட்டால் கோடையில் கார் நிறுத்துமிடம் நிரம்பிவிடும். போனதும் பார்வையாளர் மையத்தில் எந்தக் கெய்சர் எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்திருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓல்டு ஃபெயித்ஃபுல் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம் முன்பின். ஒன்றரை நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை பீய்ச்சும், உயரம் 32 முதல் 56 மீட்டர் வரை போகும்.

அது முடிந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து காருக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் பாதையில் நடந்தால் கேஸில், கிராண்டு, ரிவர்சைடு என்று கெய்சர்கள் வரிசையாக இருக்கின்றன. இதில் கிராண்டு கெய்சருக்காகக் காத்திருங்கள், முன்கூட்டி நேரம் சொல்லக்கூடிய கெய்சர்களில் உலகிலேயே உயரமானது இதுதான், 60 மீட்டர் வரை போகும். நாங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் டர்பன் என்று ஒரு சின்னக் கெய்சர் இருக்கிறது, ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது கொப்பளிக்கும். அது தொடங்கும் சமயத்தில்தான் பெரும்பாலும் கிராண்டும் எழும். டர்பன் தொடங்கியும் கிராண்டு எழவில்லை என்றால், சரி, இன்னும் இருபது நிமிடம். இதை எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சொல்லிக்கொடுத்தார். கிராண்டின் குளத்தில் தண்ணீர் மெல்ல மெல்ல விளிம்புக்கு ஏறியது, ஓரத்தில் சின்னச் சின்ன அலை தட்டியது, பிறகு இறங்கியது. மூன்று முறை அப்படி ஏமாற்றியது. நான்காம் முறை அலை தட்டியதும் பாட்டி எழுந்து நின்றுவிட்டார். அடுத்த நொடி மொத்தக் குளமும் வானத்துக்குப் போனது, காலுக்கடியில் பலகை அதிர்ந்தது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு மறுபடியும் குக்கர்தான் உதாரணம். ஆழத்தில் இருக்கும் தண்ணீரை மேலே இருக்கும் தண்ணீரின் எடை அழுத்திக்கொண்டிருப்பதால் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். குமிழிகள் கொஞ்சம் தண்ணீரை மேலே தள்ளி வெளியே வழியவிட்டதும் அழுத்தம் குறையும், அந்தக் கணத்தில் அடியில் இருப்பது சட்டென்று ஆவியாகி மொத்தத்தையும் தூக்கி எறியும். பூகம்பம் வந்தால் இந்தக் குழாய்களில் மாற்றம் வரும். 1959 ஆகஸ்டில் பக்கத்தில் ஹெப்கன் ஏரி அருகே 7.3 அளவுக்கு அடித்த பூகம்பத்துக்குப் பிறகு இங்கே பல ஊற்றுகளின் நடத்தையே மாறிவிட்டது.

பாதையின் கடைசியில் மார்னிங் குளோரி குளம். ஒரு காலத்தில் முழுக்க நீலமாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் காசும் கல்லும் குப்பையும் போட்டுப் போட்டு ஊற்றுக்கண் அடைபட, சூடு குறைந்து ஓரங்களில் மஞ்சளும் ஆரஞ்சும் ஏறிவிட்டன. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். என்னால் அதைச் சந்தோஷமாகப் பார்க்க முடியவில்லை. காசு போடும் பழக்கம் உள்ள நம்மவர்கள் இங்கே அதை விட்டுவிட வேண்டும்.

நிறங்களுக்கு உச்சி வெயில்

கிராண்டு பிரிஸ்மாட்டிக் ஊற்றைக் காலையில் பார்க்காதீர்கள், ஆவிதான் தெரியும். கண்ணாடி போட்டவர்களுக்கு அதுவும் தெரியாது. வெயில் ஏறிய பிறகு, ஃபெயரி ஃபால்ஸ் கார் நிறுத்துமிடத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் பாதையில் போய் மேலிருந்து பாருங்கள், ஒரு வழி முக்கால் மைலுக்குள்தான். மே கடைசி வரை கரடிகளுக்காக அந்தப் பாதையை மூடி வைத்திருப்பார்கள். ஊற்று 110 மீட்டர் அகலம். நடுவில் ஆழ்ந்த நீலம், சுற்றி பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்காவி. நடுவில் சூட்டில் ஏறக்குறைய எதுவும் வளராது, விளிம்பை நோக்கி ஆற ஆற ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு வகை நுண்ணுயிர், அவற்றின் நிறம்தான் அந்த வளையங்கள்.

இப்படி ஒரு ஊற்றில், மஷ்ரூம் ஸ்பிரிங்கில், 1966-ல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் எடுத்த பாக்டீரியாதான் தெர்மஸ் அக்வாடிகஸ். கொதிநிலைக்குப் பக்கத்திலும் கெடாத அதன் என்சைம்தான் பின்னாளில் பிசிஆர் பரிசோதனையை எல்லா ஆய்வகத்துக்கும் கொண்டு சேர்த்தது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பரிசோதனையின் வேர் இந்தச் சேற்று நிறப் பாசியில் இருக்கிறது. பலகையை விட்டு இறங்கி அதில் ஒரு கால் வைத்தால் அந்தத் தடம் எத்தனையோ நாள் அழியாது.

பலகையை விட்டு இறங்காதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வெளியே திடமாகத் தெரியும் தரை பல இடங்களில் வெறும் மேலோடு, அடியில் கொதிநீர். இதுவரை 20 பேருக்கு மேல் இந்த ஊற்றுகளில் வெந்து இறந்திருக்கிறார்கள். 2016-ல் நோரிஸ் பகுதியில் குளிக்க இடம் தேடிப் பாதையை விட்டுப் போன ஓர் இளைஞர் விழுந்தார், மீட்க உடல்கூட மிஞ்சவில்லை. தொப்பி பறந்தால் விட்டுவிடுங்கள். குழந்தையின் கையை விடவே விடாதீர்கள், பல இடங்களில் கைப்பிடி கிடையாது. பலகையில் நிற்கும்போதும் கவனம் தேவை: 2024 ஜூலை 23 அன்று பிஸ்கட் பேசின் என்ற இடத்தில் ஒரு குளம் திடீரென வெடித்துப் பலகைப் பாதையையே உடைத்தது, மக்கள் ஓடித் தப்பினார்கள். ரேஞ்சர் மூடிய பாதையில் எட்டிப் பார்க்கலாம் என்று போகாதீர்கள்.

அப்படியானால் குளிப்பது எங்கே? பூங்கா ஊற்றுகளில் இறங்குவது சட்டப்படி குற்றம். வடக்கே மக்கள் குளித்துக்கொண்டிருந்த பாய்லிங் ரிவர் பகுதியும் 2022 ஜூன் வெள்ளத்துக்குப் பிறகு மூடப்பட்டது. வெந்நீரில் ஊற வேண்டும் என்றால் வெளியே வாருங்கள்: கார்டினருக்கு வடக்கே யெல்லோஸ்டோன் ஹாட் ஸ்பிரிங்ஸ், இன்னும் மேலே சிகோ ஹாட் ஸ்பிரிங்ஸ், இரண்டும் கட்டணக் குளங்கள். கிழக்கு வாசல் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு கோடி என்ற ஊரைத் தாண்டித் தெர்மோபொலிஸ் இருக்கிறது, அங்கே மாநில அரசின் குளியலகம் இலவசம்.

மீதி நாட்கள்

இரண்டாம் நாள் காலை நோரிஸ். பூங்காவிலேயே மிகச் சூடான பகுதி, 332 மீட்டர் ஆழத்தில் 237 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. உலகின் உயரமான கெய்சர் ஸ்டீம்போட் இங்கேதான், 90 மீட்டருக்கு மேல் போகும், எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அங்கிருந்து கேன்யன். ஆர்ட்டிஸ்ட் பாயின்டில் நின்று 94 மீட்டர் அருவியைப் பாருங்கள், நடக்க முடியாதவர்களுக்கும் எளிது. மாலை ஹேடன் பள்ளத்தாக்கு வழியாக ஏரிக்கு இறங்கி, நேரம் இருந்தால் வெஸ்ட் தம்ப். ஏரிக்குள்ளேயே ஒரு வெந்நீர்க் கூம்பு இருக்கிறது, அந்தக் காலத்தில் மீனைப் பிடித்துத் தூண்டிலோடு அதில் விட்டு வேகவைத்திருக்கிறார்கள். இப்போது தடை.

மூன்றாம் நாள் வடக்கு. விடியும் முன் கிளம்பி லமார் பள்ளத்தாக்கு போங்கள். வெளிச்சம் வந்து ஒரு மணி நேரத்துக்குள்தான் ஓநாய்களும் கரடிகளும் பெரும்பாலும் தெரியும். சாலையோரம் தொலைநோக்கி நிறுத்தியிருப்பவர்கள் பக்கத்தில் நிறுத்தி, என்ன பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் தங்கள் தொலைநோக்கியிலேயே காட்டுவார்கள். பைசனிடமிருந்து 23 மீட்டர், கரடி ஓநாயிடமிருந்து 91 மீட்டர் விலகி நிற்க வேண்டும். பைசன் நம் வீட்டு எருமை மாதிரி சாதுவாகப் படுத்திருக்கும், எழுந்தால் நம்மைவிட மூன்று மடங்கு வேகம். வாலைத் தூக்கினால் உடனே பின்வாங்குங்கள். காட்டுப்பாதையில் நடக்கப் போகிறவர்கள் கரடி ஸ்ப்ரேயை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள், விமானத்தில் கொண்டுபோக முடியாது.

மதியம் மம்மத். மற்ற இடங்களில் தண்ணீரில் கரைந்து வருவது சிலிக்கா என்றால் இங்கே சுண்ணாம்பு, அதனால் வெள்ளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக வளர்ந்திருக்கிறது. தண்ணீர் வழி மாற்றிக்கொண்டே இருக்கும், படத்தில் பார்த்த அடுக்கு காய்ந்து சாம்பல் நிறமாக இருக்கலாம். இன்றைக்கு எங்கே ஓடுகிறது என்று ரேஞ்சரிடம் கேட்டுவிட்டு ஏறினால் வீண் அலைச்சல் இல்லை.

கடைசியாக ஒன்று, இது எனக்கு யாரும் சொல்லாதது. கெய்சர் தூவல் மூக்குக்கண்ணாடியிலும் கேமரா லென்ஸிலும் விழுந்தால் காயவிடாமல் உடனே நல்ல தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். அதில் சிலிக்கா கரைந்திருக்கிறது, காய்ந்துவிட்டால் போகாது. அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் கிராண்டு கெய்சரின் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன, மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார்.